செட்டு அண்ணனின் ரெண்டாவது ஆள்

அவருக்குச் செட்டு என்று பெயர் வைத்தது அலுவலகத்தில் நாங்கள்தான். ஆனால் அந்தப் பெயர் மாடிப்படி இறங்கி அவருடைய தெருவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு டிவிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "செட்டு சார், படம் வருது, சத்தம் வரல. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று கூடத்தில் இறக்கி வைத்தாராம். அண்ணன் அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, டிவிப் பெட்டிக்கு ஏன் செட் என்று பெயர் வந்தது என்று வெகுநேரம் விளக்கி அனுப்பியிருக்கிறார். அந்த டிவி கடைசிவரை பேசவில்லை. எதிர்வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு அண்ணனிடம் பேசவில்லை.

நாங்கள் தயாரித்துக்கொண்டிருந்தது ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் ஒரு பெரிய அகராதி. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் நீளமான ஒரே அறை. சுவரோரமாக மரத் தட்டுகள், எழுத்துக்கு ஒரு வரிசை. நான் அங்கே பிழை திருத்துபவள். மற்றவர்களின் தவறைக் கண்டுபிடிப்பதே என் பிழைப்பு என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதைப் படிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் மின்விசிறி உண்டு, போடக்கூடாது. ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளையும் உள்ளங்கை அளவுச் சீட்டில் தனித்தனியாக எழுதி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருப்போம். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் வேர்வை தாங்காமல் ஒருநாள் சுவிட்சைத் தட்டிவிட்டார். ஆர் எழுத்துச் சீட்டுகளில் பாதி ஜன்னல் வழியாகப் பறந்து கீழே கண்ணாடி வாங்க வந்தவர்களின் தலையில் இறங்கியது. அதிலிருந்து சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். நாங்கள் வேர்க்க விறுவிறுக்க வேலை பார்த்தோம்.

எங்கள் வேலையில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பேர். முதல் ஆள் பொருளைத் தேடி எழுதுவார். எத்தனை பொருளாக வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆனால் தான் பிரித்ததை அவரே சேர்க்கக் கூடாது. ரெண்டாவது ஆள் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்ப்பார். இது ஏற்கெனவே எழுதிய பொருள்தான் என்று தோன்றினால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் குண்டூசி குத்திவிடுவார். தனிப் பொருள்தான் என்று ஒப்புக்கொண்டால் வாய்விட்டு "சரி" என்பார். அப்போதுதான் சீட்டு வலப்பக்கத் தட்டுக்குப் போகும். தலைமைப் பதிப்பாசிரியர் கொண்டுவந்த விதி இது. நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். எழுதிய ஆளையே சேர்க்க விட்டால் களைப்பில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்பது பெரியவரின் கணக்கு. அதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் தலையில் கட்டப்பட்ட சொல்தான் செட். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. புது ஆள்தானே, சின்னச் சொல்லாகக் கொடுப்போம் என்று நினைத்துக் கொடுத்தார்களா, அல்லது வேறு யாரும் தொடமாட்டேன் என்றதால் கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. அவருக்கு ரெண்டாவது ஆளாக உட்கார்ந்தது எங்கள் அக்கா. அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவர். அண்ணனைவிடவும் சில வயது கூடுதல். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் தங்கள் சீட்டைத் தாங்களே கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

அண்ணன் கிழிக்கவில்லை. அவர் பிரிக்கப் பிறந்தவர். பொழுது சாய்வதற்கு ஒரு சீட்டு, சிமென்ட் இறுகுவதற்கு ஒரு சீட்டு. கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைப்பது வேறு, பொறி வைப்பது வேறு, மேசையில் தட்டும் கரண்டியும் எடுத்து வைப்பது வேறு. மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, அச்சு எழுத்துக் கோப்பது, நாடகத்துக்கு மேடையில் வீடு எழுப்புவது, டென்னிஸில் ஒரு சுற்று, ஒன்றாகத் திரியும் நண்பர் கூட்டம் என்று எழுதிக்கொண்டே போனார். அக்கா குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"இல்ல. இது அதேதான்."

"எப்படிங்க அதே? பொறியை யாராவது மேசையில எடுத்து வைப்பாங்களா?"

"எலி இருந்தா வைப்பாங்க."

குத்து. இரண்டு சீட்டும் ஒன்றாகிவிடும்.

சில மாதங்கள் கழித்து அண்ணன் ஒன்று கண்டுபிடித்தார். அறிஞர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்ததுதான். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சொல் ஒரு சொல்லே அல்ல, இரண்டு. வைப்பது, பதிப்பது, இறுகுவது எல்லாம் உட்கார வைத்தல் என்ற பொருளுள்ள ஒரு பழைய வட ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தவை. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் செட் வேறு வழியாக வந்தது. லத்தீனில் ஒருவர் பின்னால் போவது என்ற பொருளில் பிறந்து, பிரெஞ்சு வழியாக நடந்து வந்து, ஆங்கிலத்தில் முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஒரே எழுத்துக்கூட்டு, ஒரே உச்சரிப்பு என்பதால் எது எது என்று யாருக்கும் தெரியாமல் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இதைச் சொல்லும்போது அண்ணனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காணாமல் போன பிள்ளையைக் கண்டெடுத்தவர் போல நின்றார்.

"இனிமே இது ரெண்டையும் நீங்க சேர்க்க முடியாது" என்றார் அக்காவிடம்.

அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உட்கார்ந்த ஒருத்தரும் பின்னால வந்த ஒருத்தரும் ரொம்ப நாள் ஒரே வீட்டுல இருந்தா, அவங்களுக்குப் பேரு வேறங்க" என்றார்.

அறையில் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. அக்கா எதுவும் நடக்காதது மாதிரி அடுத்த சீட்டை எடுத்தார். அந்த வருடம் முடிவதற்குள் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். சொந்தக்காரர்களிடம் அண்ணன் பெருமையாக, "இவங்கதான் என் ரெண்டாவது ஆள்" என்று அறிமுகப்படுத்தப் போய், முதல் ஆள் என்ன ஆனாள் என்று ஒரு சித்தப்பா தனியாக அழைத்துப்போய் விசாரித்த கதை இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் ஓடுகிறது.

அக்காவின் கணவரை அண்ணன் என்று கூப்பிடும் முறை உலகத்திலேயே எங்கள் அலுவலகத்தில் மட்டும்தான் இருந்திருக்கும். அவர்களுக்குள்ளும் முறை தலைகீழ்தான். அலுவலகத்தில் இருவரும் நீங்க, வாங்க. வீட்டில் அக்கா அவரை 'நீ' என்பார். அண்ணன் வீட்டிலும் 'நீங்க'தான். ஏன் என்று கேட்டதற்கு, "வேலையில மூத்தவங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பொறாமையும் வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது கோப்பையும் தட்டுமாக ஒரு டீ செட். முதல் வாரமே அண்ணன் ஒரு கோப்பையை உடைத்துவிட்டார். உடைத்ததோடு நிற்காமல், ஒன்று குறைந்ததால் மிச்சமிருப்பது இனி செட் இல்லை, வெறும் கோப்பைகள்தான் என்று மறுநாள் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வந்தார்: ஒன்றாக இருந்தால்தான் முழுமையாகும் பொருள்களின் தொகுதி. அக்கா அதைப் பொதுவான தொகுதி என்ற சீட்டோடு வைத்துக் குத்தினார். "ஒண்ணு குறைஞ்சா டீ குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். அண்ணன் விடவில்லை. அந்தச் சீட்டை மட்டும் வருடத்துக்கு ஒரு முறையாவது பிரித்து வைப்பார், அக்கா சேர்ப்பார். எங்களுக்கு அது ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

அண்ணனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. பிள்ளை இல்லை, அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை, பரப்பி வைத்த சீட்டுகள் எல்லாவற்றுக்கும் அக்கா வாயால் சரி வாங்க வேண்டும் என்பது. வேறு யாரையாவது ரெண்டாவது ஆளாக உட்கார வைத்துச் சொல்லை முடித்துக் கொடுங்கள் என்று பெரியவர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். மற்றவர்கள் முழு எழுத்துகளையே முடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். "அவங்க ஒத்துக்கிட்டாத்தான் சார் அது பொருள். மத்தவங்க ஒத்துக்கிட்டா அது தயவு" என்றார்.

தலைமுடி நரைக்கும் வரைக்கும் இப்படியே போனது. எஸ் எழுத்து ஒன்றைத் தவிர அகராதி முழுவதும் அச்சுக்குத் தயாராகிவிட்டது. எஸ் எழுத்தில் செட் ஒன்றைத் தவிர எல்லாம் தயார். கண்ணாடிக் கடைக்காரர்கூட, "மேல அந்தச் சொல் முடிஞ்சுதா?" என்று படியேறும் எங்களிடம் கேட்பார்.

அன்றைக்கு மதியம் முறிந்த எலும்பைப் பற்றிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எலும்பைப் பொருத்துவதும் மோதிரத்தில் கல் பதிப்பதும் ஒன்றே என்பது அக்காவின் பிடி. இடத்தில் இருக்க வேண்டியதை இடத்தில் வைப்பதுதான் இரண்டும் என்பார். அண்ணன் எங்கிருந்தோ ஒரு புது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் எலும்பு தானாகவே செட் ஆகிறது, யாரும் வைக்கவில்லை. "கல்லு தானா போய் மோதிரத்துல உட்காருமா? இப்ப சொல்லுங்க" என்று மேசையைத் தட்டினார். நாங்கள் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தோம்.

அக்கா குண்டூசியை எடுத்தார். வாயைத் திறந்தார். அந்த 'இல்ல' வருவதற்கு நாங்கள் காத்திருந்தோம். அவர் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் அசைந்தது. பிறகு, "சரி" என்றார்.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? ஒத்துக்கிட்டாங்க!" என்று கையைத் தட்டினார். நாங்களும் தட்டினோம். நானும்தான் தட்டினேன். யாரோ விசில்கூட அடித்தார்கள். அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்து, "சரி, சரி, சரி" என்றார். அவர் கையிலிருந்து குண்டூசி விழுந்தது. அவர் வலப்பக்கமாகச் சரிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தார். வலக்கை போயிற்று, வலக்கால் போயிற்று, பேச்சு போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சிலருக்கு அப்படி ஏதாவது ஒன்று தங்கிவிடும், எதைச் சொல்ல நினைத்தாலும் வாயில் அதுதான் வரும் என்று மருத்துவர் விளக்கினார். தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி. வலிக்கிறது என்றாலும் சரி. ஜன்னலைச் சாத்து என்றாலும் சரி. வாழ்நாள் முழுக்க இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷிக்கு இப்படி ஒரு சொல் மிஞ்ச வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அண்ணன் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பெரியவர் செட் சீட்டுத் தட்டுகளை வீட்டுக்கே எடுத்துப்போக அனுமதித்தார். வாரத்துக்கு ஒருமுறை மற்ற பக்கங்களைக் காட்டுகிற சாக்கில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசை போட்டு அதில் சீட்டுகளைப் பரப்பியிருந்தார். அந்த வீட்டிலும் மின்விசிறி ஓடாது. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ், "படுத்திருக்கிறவங்களுக்குக் காத்து வேண்டாமா? பேப்பர் முக்கியமா, பொண்டாட்டி முக்கியமா?" என்று சத்தம் போடுவார். அண்ணன் ஓர் அட்டையை எடுத்து அக்காவுக்கு மெதுவாக விசிறிவிடுவார், சீட்டு பறக்காத பக்கமாக.

ஒருநாள் பெரியவரே அண்ணன் வீட்டுப் படியேறி வந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அச்சகம் காத்துக்கிட்டு இருக்கு. அவங்கதான் எல்லாத்துக்கும் சரின்னு சொல்றாங்களே. ஒவ்வொண்ணா காட்டி முடிச்சுடுங்க. யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க."

அண்ணன் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து எழுதினார்: செட் - யானை. அதை அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"சரி" என்றார் அக்கா.

அண்ணன் அந்தச் சீட்டைப் பெரியவர் கையில் கொடுத்தார். "இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் ஏங்கினேன். இப்ப நாள் முழுக்கக் கிடைக்குது. ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்" என்றார்.  பெரியவர் அந்த யானையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் வெகுநாள் அச்சகத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

மழை பெய்த ஒரு நாள் நான் போயிருந்தேன். அக்காவைத் தலையணைகள் வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் பழக்கதோஷத்தில் சீட்டுகளை அவர் முன்னால் பரப்பி, பேச்சுத் துணைக்காக ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். எலும்பு, மோதிரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அக்காவின் இடக்கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. எலும்புச் சீட்டைத் தொட்டது. இழுத்துக்கொண்டே போய் மோதிரச் சீட்டின் மேல் வைத்தது.

கை தவறி நழுவியது என்றுதான் நான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எலும்பை எடுத்து மறுபடி தள்ளி வைத்தார். அக்காவின் கண் அகலமாகியது. "சரி!" என்று அதட்டினார். எலும்பைப் பிடித்து இழுத்து மோதிரத்தின் மேல் ஓங்கி வைத்தார். "சரி! சரி!" என்று உள்ளங்கையை நீட்டினார். குண்டூசிக்காக நீட்டிய கை அது. எங்கள் அலுவலகத்தில் அந்தக் கையைத் தெரியாதவர் கிடையாது.

அண்ணன் மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். "இல்லைங்கறாங்க. பாருங்க, என்னை இல்லைங்கறாங்க" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். குண்டூசியை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் குத்த அக்காவால் முடியவில்லை. அண்ணன் சீட்டைப் பிடித்துக்கொண்டார், அக்கா குத்தினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டது. எனக்குக் காது குளிர்ந்தது. அண்ணன் வாக்கியம் வாக்கியமாக வாதாடுவார். அக்கா சரி, சரி என்று அத்தனையையும் மறுப்பார். கடிகாரமும் பொறியும் சேர்ந்தன. தட்டும் கரண்டியும் சேர்ந்தன. டீ செட் சீட்டைக் கேட்கவே வேண்டாம், முதல் நாளே குத்திவிட்டார். அக்காவின் கன்னத்தில் சதை பிடித்தது. நர்ஸ்கூட விசிறியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

ஆனால் நான் பிழை திருத்துபவள். தட்டில் சீட்டு குறையவில்லை என்பது என் கண்ணுக்குப் படாமல் இருக்குமா? எலும்பும் மோதிரமும் மறுபடி தனித்தனியாகக் கிடந்தன. மூலையில் பழைய குண்டூசி ஓட்டை அப்படியே தெரிந்தது.

"அண்ணே, இது அக்கா அன்னிக்கே சேர்த்ததுதானே?" என்று கூடத்தில் தனியாகக் கேட்டேன்.

"மறுபடி பிரிச்சேன்" என்றார்.

"ஏன்?"

"முதல் ஆள் எத்தனை தடவை வேணும்னாலும் பிரிக்கலாம். விதியில இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இது முடிஞ்சுட்டா அவங்க என்னோட எதைப் பத்திச் சண்டை போடுவாங்க?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பெரியவர் விசாரித்தபோது வேலை நன்றாக நடக்கிறது என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

அடுத்த அடைப்பு சின்னதுதான் என்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆனால் சீட்டுகளைப் பார்க்கும் பார்வை போய்விட்டது. முதலில் எலும்பும் மோதிரமும் சேராமல் கிடந்தன. களைப்பு என்றார் அண்ணன். பிறகு கடிகாரமும் பொறியும் கிடந்தன. இன்றைக்குத் தூக்கம் சரியில்லை என்றார். கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். சீட்டுகளைப் பெரிய எழுத்தில் எழுதினார். இன்னும் சுலபமாக, இன்னும் சுலபமாக என்று, குழந்தைக்குக்கூட ஒன்று என்று தெரியும் சீட்டுகளாகத் தேடித் தேடி வைத்தார். அக்கா ஒவ்வொன்றையும் சாந்தமாகப் பார்த்து, சரி என்றார். அந்தச் சாந்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு மதியமும் நான் இருந்தேன். அண்ணன் டீ செட் சீட்டை எடுத்தார். இன்னொரு வெற்றுச் சீட்டை எடுத்து, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதினார். ஒன்றாக இருந்தால்தான் முழுமையாகும் பொருள்களின் தொகுதி. இரண்டையும் அக்காவின் இடக்கைக்குக் கீழே, விரல் படும் தூரத்தில் வைத்தார்.

"இதைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான். நானே சொல்றேன், ஒண்ணுதான். சேர்த்துடுங்க."

அக்கா பார்த்தார். முதல் சீட்டைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"சரி" என்றார். கை அசையவில்லை.

"ரெண்டும் ஒண்ணும்மா" என்றார் அண்ணன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை. இல்லன்னு சொல்லு. என்னைத் திட்டு. என்னடா எழுதி வச்சிருக்கன்னு கேளு."

அவர் அக்காவை 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அக்கா அவர் முகத்தை முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்தார். மேசையில் இருந்த சீட்டுகளை அடுக்கினார். அக்கா கடைசியாகச் சேர்த்தது எப்படி இருந்ததோ அப்படியே, பிரித்தவற்றைப் பழைய ஓட்டையில் ஊசி போட்டு அடுக்கினார். அந்த இரண்டு சீட்டை மட்டும் தனித்தனியாக மேலே வைத்தார். எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி என் மடியில் வைத்தார். "பெரியவர்கிட்ட கொடுத்துடுங்க. முடிஞ்சுது" என்றார்.

பிறகு சுவரோரம் போய் மின்விசிறியைப் போட்டார். எத்தனையோ நாளாக ஓடாதது; முதலில் முனகியது, பிறகு சுற்ற ஆரம்பித்தது. வெறும் மேசையிலிருந்து தூசி எழுந்தது. அக்காவின் நெற்றி முடி காற்றில் அசைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மழைக்காலம் முடியும் முன் அக்கா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார்.

செட் அச்சுக் கோக்கப்பட்டு என் மேசைக்கு வந்தபோது அண்ணன் மறுபடி அலுவலகத்துக்கு வரத் தொடங்கியிருந்தார். வேறு சொல் கொடுத்திருந்தார்கள். எதிரே வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அந்த ஆள் சேர்த்ததையெல்லாம் சேர்க்க விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தேன். தொகுதி என்ற பகுதியில் ஒரே பொருள் அடுத்தடுத்து இரண்டு எண்ணில் அச்சாகியிருந்தது. என்னிடம் வந்த பக்கங்களில் அதைப் போலத் தெளிவான பிழையை நான் பார்த்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"அண்ணே, இது ரெண்டும் ஒண்ணுதானே. ஒண்ணை எடுத்துடட்டுமா?"

அவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "ஒண்ணுதான்" என்றார்.

"அப்ப எடுத்துடறேன்."

"முதல் ஆள் சேர்க்கக் கூடாதேம்மா. ரெண்டாவது ஆள்தானே சேர்க்கணும்."

"ரெண்டாவது ஆள்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன்.

"அவங்க பார்த்துட்டாங்க" என்றார் அண்ணன். "ரெண்டையும் பார்த்தாங்க. சரின்னு சொல்லிட்டாங்க."

நான் பேனாவை மூடினேன். பக்கத்தின் அடியில் பிழை இல்லை என்பதற்கான என் கையெழுத்தைப் போட்டேன்.

புத்தகம் வெளிவந்த பிறகு, பிழை திருத்துபவர் தூங்கிவிட்டாரா என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கு விஷயம் தெரியாது. ஆமாம் சார், தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அடுத்த பதிப்பிலும் அதே பக்கம் என் மேசைக்குத்தான் வந்தது. இப்போது அண்ணனும் இல்லை. அந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தால் அந்த இரண்டு வரிகளும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.